லேசர் முடி நீக்கம்: எந்த முடி போகும், எது திரும்பி வரும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டுக்குச் சித்தி மகள் வந்திருந்தாள். கே.ஆர்.புரத்தில் பி.ஜி.யில் தங்கி ஒயிட்ஃபீல்டுக்கு வேலைக்குப் போகிறவள், வயது இருபத்துநான்கு. சாப்பிட்டுக் கை கழுவியதும் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தாள். "அக்கா, இதக் கொஞ்சம் பாருக்கா. இன்னைக்கு ராத்திரிக்குள்ள அட்வான்ஸ் கட்டினா முப்பது பர்சென்ட் கம்மியாம்."

ஒரு ஸ்கின் கிளினிக்கின் எஸ்டிமேட் அது. முகம், கை, கால், அக்குள் எல்லாம் சேர்த்து எட்டு சிட்டிங், 96,000 ரூபாய். மாதம் 8,000 வீதம் பன்னிரண்டு மாதத் தவணை. ஓரத்தில் பேனாவால் 'பர்மனென்ட்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தார்கள். அவளுடைய தோல் எப்படி, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று ஒரு வரிகூட அந்தத் தாளில் இல்லை.

நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். தாடைக்கு அடியில், பிடுங்கிப் பிடுங்கிக் கறுத்துப்போன புள்ளிகள். பேசும்போது கை தானாகப் போய் அந்த இடத்தை மறைத்துக்கொள்கிறது. அந்தக் கையை எனக்கு நன்றாகத் தெரியும். பத்து வருடங்களுக்கு முன்னால் என் கையும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

அன்று அவளிடம் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். லேசர் பலன் தருமா என்றால், தரும். கறுத்துத் தடித்த முடிக்கு நன்றாகவே தரும். ஆனால் அந்த முடி ஏன் அங்கே வளர்கிறது என்று பார்க்காமல் பணத்தைக் கட்டினால், அதே முடிக்காக இரண்டாம் முறையும் கட்ட வேண்டி வரும். நான் கட்டியிருக்கிறேன்.

முதலில் அது வேலை செய்யும் விதம். முடிக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனின், ஒளியை உறிஞ்சிச் சூடாகும். மதிய வெயிலில் நிறுத்திய ஸ்கூட்டரின் கறுப்பு சீட் எப்படிச் சுடும் என்று இந்த ஊரில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லேசர் ஒளி தோலைத் தாண்டி இறங்கி முடியைச் சூடாக்குகிறது; அந்தச் சூடு மயிர்க்காலுக்குப் பரவி, முடியைத் திரும்பத் திரும்ப முளைக்க வைக்கும் செல்களைப் பொசுக்குகிறது. சுற்றியிருக்கும் தோல் சூடேறுவதற்குள் ஒளி நின்றுவிட வேண்டும். எல்லாம் மில்லி செகண்ட் கணக்கு. குறிப்பிட்ட ஒரு நிறப்பொருளை மட்டும் ஒளியால் சுட்டு, பக்கத்துத் திசுவைக் காப்பாற்றலாம் என்ற கொள்கையை அமெரிக்க மருத்துவர்கள் ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் 1983-இல் வெளியிட்டார்கள். முடி நீக்குவதற்கான முதல் லேசர் கருவிக்கு, மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அமைப்பான எஃப்.டி.ஏ. 1995-இல் அனுமதி கொடுத்தது. அப்படியானால் முப்பது வருட அனுபவம் உள்ள சிகிச்சை இது; புதிதாக வந்த மாயம் ஒன்றும் இல்லை.

ஒளியைப் பிடிப்பது கறுப்பு நிறம்தான் என்பதால், நரைத்த முடிக்கு லேசரால் ஒன்றும் செய்ய முடியாது. ஐம்பது வயதில் தாடையில் நாலு வெள்ளை முடி நீட்டிக்கொண்டிருக்கிறது என்று போகிறவர்களிடம் யாராவது பேக்கேஜ் விற்றால், அது வெறும் பண நஷ்டம். கன்னத்தில் இருக்கும் பூனைமுடிக்கும் இதே நிலைதான். அதில் நிறமும் குறைவு, தடிமனும் குறைவு. பூனைமுடியை லேசரிடம் கொண்டுபோவதில் வேறொரு ஆபத்தும் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

ஒரே நாளில் ஏன் முடிவதில்லை? எல்லா முடியும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. ஒரு முடி வளரும், பிறகு வளர்ச்சி நிற்கும், ஓய்வெடுக்கும், உதிரும், அதே குழியில் புதிது முளைக்கும். வளரும் பருவத்தில் இருக்கும் முடி மட்டுமே வேரோடு ஒட்டியிருக்கும், அதைத்தான் லேசர் சரியாகத் தாக்கும். மற்றவை அன்று தப்பித்துக்கொள்ளும். அதனால்தான் முகத்துக்கு நாலிலிருந்து ஆறு வாரம், கை காலுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் அல்லது இன்னும் அதிக இடைவெளி விட்டு, ஆறு முதல் எட்டு சிட்டிங் என்று கணக்கு வைக்கிறார்கள். பத்து நாளுக்கு ஒரு தடவை வந்தால் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று எங்காவது சொன்னால், முடியைப் பற்றி அவர்களுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம்.

சிகிச்சைக்கு முன்னால் ஒரு மாதமாவது வேக்ஸிங், த்ரெடிங், பிடுங்குதல் எதுவும் கூடாது. வேரோடு பிடுங்கிவிட்டால் குழிக்குள் சூடாவதற்கு என்ன இருக்கிறது? முந்தின நாள் ரேஸரால் மழித்துக்கொள்ளலாம். அப்படித்தான் செய்யச் சொல்வார்கள். நம் வீடுகளில் இங்கேதான் சண்டை வரும். "பொம்பளப் பிள்ள மூஞ்சில பிளேடு வைக்கலாமா? தடிச்சு வளரும்டி" என்று என் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். மழித்தால் முடி தடிப்பதில்லை. பிளேடு தோலுக்கு மேலே வெட்டுகிறது, வேருக்கு அந்தச் சேதி போவதே இல்லை. வெட்டிய நுனி மழுங்கியிருப்பதால் தடவும்போது சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இனி நம் தோல். லேசர் கருவிகள் பெருமளவு வெள்ளைத் தோலில் சோதித்து வளர்ந்தவை. தோல் வெளுப்பு, முடி கறுப்பு என்றால் ஒளி நேராக முடியைத் தேடிப் போகும். நம் தோலிலும் மெலனின் நிறைய இருக்கிறது, முடியிலும் இருக்கிறது. ஒளிக்கு இரண்டும் ஒன்றுதான். அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-இல் தொடங்கிவைத்த தோல் வகைப்பாட்டில் ஒன்று (மிக வெளுப்பு) முதல் ஆறு (மிகக் கறுப்பு) வரை உண்டு. தமிழர்களில் பெரும்பாலோர் நாலு, ஐந்து, ஆறில் வருவோம். வெள்ளைத் தோலுக்கு வைக்கும் அளவை நமக்கு வைத்தால் முடிக்குப் பதில் தோல் வேகும்.

கருவிகளின் வித்தியாசம் இங்கேதான் முக்கியம். அலெக்சாண்ட்ரைட் லேசரின் அலைநீளம் 755 நானோமீட்டர். மெலனினை மிக நன்றாகப் பிடிக்கும், அதனாலேயே கறுத்த தோலுக்கு ஆபத்து அதிகம். டயோட் 800, 810 அருகே வேலை செய்யும். பெங்களூரில் அதிகம் காணக் கிடைப்பது இதுதான். என்.டி.யாக் 1064, மெலனினைக் குறைவாகப் பிடித்து ஆழமாக இறங்கும், ஆகவே கறுத்த தோலுக்குப் பாதுகாப்பானது. அதற்கு விலையும் உண்டு: வலி கூடுதல், மெல்லிய முடிக்குப் பலன் குறைவு. மூன்று அலைநீளத்தையும் ஒரே கைப்பிடியில் அடக்கிய கருவிகளைப் பெரிதாக விளம்பரம் செய்கிறார்கள். கருவி எதுவானாலும் என் தோலுக்கு எந்த அலைநீளம், எவ்வளவு ஆற்றல் என்று சொல்லத் தெரிந்த ஆள் எதிரே இருக்கிறாரா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஐ.பி.எல். என்பது வேறு: பல அலைநீளங்கள் கலந்த பளிச்சொளி, லேசர் இல்லை. அதையும் லேசர் என்றே சொல்லி விற்கும் பார்லர்கள் உண்டு; நம் நிறத்துக்கு அதில் சூடுபடும் வாய்ப்பு அதிகம்.

பெங்களூருக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே. காற்று குளுகுளுவென்று இருப்பதால் வெயில் உறைப்பதே தெரியாது, புற ஊதாக் கதிர் மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். சித்தி மகளின் கையைத் திருப்பிப் பார்த்தேன். கே.ஆர்.புரம் பாலத்து நெரிசலில் தினமும் ஸ்கூட்டர் ஓட்டி, வாட்ச் கட்டும் இடம் மட்டும் வெளுத்து, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை இரண்டு ஷேட் கறுத்திருந்தது. அந்தக் கறுப்பும் மெலனின்தான். அந்தக் கையோடு போய்ப் படுத்தால், உள்பக்கத் தோலுக்குச் சரியாக இருக்கும் அளவு வெளிப்பக்கத்தில் கொப்புளம் போட்டுவிடும். கொப்புளம் ஆறினாலும் கருந்திட்டு மாதக்கணக்கில் நிற்கும். கை லேசருக்கு முன்னும் பின்னும் சில வாரங்கள் முழுக்கை உறையும் சன்ஸ்கிரீனும் கட்டாயம். அந்தக் கிளினிக்கில் இவளிடம் வண்டி ஓட்டுகிறாயா என்றுகூட யாரும் கேட்கவில்லை.

அடுத்தது, தாளின் ஓரத்தில் கோடிழுத்த அந்த 'பர்மனென்ட்'. எஃப்.டி.ஏ. லேசருக்கு ஒப்புக்கொண்ட வார்த்தை, நிரந்தர முடிக் குறைப்பு. நீக்கம் என்று சொல்ல அது இடம் தரவில்லை. சிகிச்சை முடிந்து, முடியின் ஒரு முழு வளர்ச்சிச் சுற்றைத் தாண்டிய பிறகும் எண்ணிக்கை குறைந்தே நிலைத்திருந்தால் அது நிரந்தரக் குறைப்பு. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2006-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு பதினோரு சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. அலெக்சாண்ட்ரைட், டயோட் லேசர்களில் ஆறு மாதம் வரை சுமார் பாதி முடி குறைந்தது என்பதுதான் அதன் கணக்கு. நீண்ட காலப் பலனுக்குச் சான்று போதாது என்றும் சொன்னது. அதற்குப் பிறகு கருவிகளும் அனுபவமும் மேம்பட்டிருக்கின்றன. முழு சிட்டிங்கும் ஒழுங்காகப் போனவர்களுக்குப் பாதிக்கு மேலேயே குறைவதைப் பார்க்கிறோம், மிச்சம் வருவதும் மெலிந்து வருகிறது. இருந்தாலும் வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை பராமரிப்புக்குப் போக வேண்டியிருக்கும். எட்டு சிட்டிங்கில் அடியோடு போய்விடும் என்று எழுதித் தருகிறவர்கள் நடக்காததை எழுதித் தருகிறார்கள்.

இப்போது என் கதை. இருபத்தாறு வயதில், முதல் வேலையின் சேமிப்பில், மேலுதட்டுக்கும் தாடைக்கும் 42,000 ரூபாய் கட்டினேன். பளபளவென்ற இடம், ஏ.சி., குடிக்க கிரீன் டீ. டாக்டரைப் பார்த்தது முதல் நாள் மட்டும், அதுவும் ஐந்து நிமிடம். பிறகு ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெண் வந்து கருவியைப் பிடித்தாள். போன தடவை எவ்வளவு ஆற்றல் வைத்தார்கள் என்று கேட்டால், சிஸ்டத்தில் இருக்கும் மேடம் என்பார்கள். ஐந்தாவது சிட்டிங்கில் மேலுதடு சுத்தமாகிவிட்டது. தாடையில் மட்டும், உதிர்ந்த இடத்திலேயே ஐந்தாறு வாரத்தில் மறுபடி முளைத்தது. அதைவிடக் கொடுமை, தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கம், அதுவரை பூனைமுடி மட்டுமே இருந்த இடத்தில் கறுத்த முடி நீளமாக வர ஆரம்பித்தது. காட்டினேன். அது எக்ஸ்ட்ரா ஏரியா, தனியாகக் கட்ட வேண்டும் என்றார்கள்.

அழுதுகொண்டே அம்மாவோடு ஒரு தோல் டாக்டரிடம் போனேன். அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்டது, "பீரியட்ஸ் எத்தனை நாளுக்கு ஒரு தடவை வருது?" எனக்கு ஐம்பது, அறுபது நாளுக்கு ஒரு முறை. டென்ஷனால் என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன். வயிற்றிலும் மார்பிலும் முடி உண்டா, முகப்பரு உண்டா, தலைமுடி கொட்டுகிறதா, எடை ஏறியதா, குடும்பத்தில் யாருக்குச் சர்க்கரை, என்று வரிசையாகக் கேட்டார். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எழுதினார். பி.சி.ஓ.எஸ்., நம் பேச்சில் நீர்க்கட்டி.

பெண் உடம்பிலும் ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோன் கொஞ்சம் சுரக்கும். பி.சி.ஓ.எஸ்.ஸில் நடப்பதுபோல அது மிகுந்தால், அல்லது மயிர்க்கால்கள் அதற்கு மிகையாக எதிர்வினை காட்டினால், மேலுதடு, தாடை, மார்பு, அடிவயிறு ஆகிய இடங்களில் பூனைமுடி தடித்துக் கறுத்த முடியாக மாறும். லேசர் இன்றைக்கு இருக்கும் கறுத்த முடியைத்தான் சுடுகிறது. நாளைக்கு எந்தப் பூனைமுடி கறுக்கப் போகிறது என்பதை ஹார்மோன் தீர்மானிக்கிறது. குழாயை மூடாமல் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன் நான். டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு, புரோலாக்டின், 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன், சர்க்கரை என்று டாக்டர் எழுதித் தரும் பரிசோதனைகளுக்கான செலவு, அந்த 96,000-க்கு முன்னால் மிகச் சிறியது. அரசு மருத்துவமனையின் தோல் பிரிவிலோ மகப்பேறு பிரிவிலோ காட்டினால் இன்னும் குறையும்.

பரிசோதனையில் ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். மாதவிலக்கு ஒழுங்காக இருந்து, அம்மாவுக்கும் பாட்டிக்கும் அதே மாதிரி மீசை இருந்தால் அது குடும்ப வாகு. அப்போது தைரியமாக லேசருக்குப் போகலாம். ஆனால் சில மாதங்களுக்குள் திடீரென்று முடி மளமளவென்று வளர்ந்து, குரல் தடித்து, மாதவிலக்கு நின்றுபோனால், அழகு நிலையத்தின் பக்கமே போகாமல் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். கருப்பையின் பக்கத்தில் இருக்கும் சினைப்பையிலோ அட்ரீனல் சுரப்பியிலோ கட்டி இருக்கக் கூடும்.

பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு லேசர் வேண்டாம் என்று சொல்லவில்லை. 2023-இல் வந்த சர்வதேச பி.சி.ஓ.எஸ். வழிகாட்டுதல் முகத்து முடிக்கு லேசரைப் பரிந்துரைக்கிறது. ஹார்மோன் மாத்திரையைச் சேர்த்தால் பலன் கூடலாம் என்றும், சிட்டிங் எண்ணிக்கை அதிகமாகலாம் என்றும் சொல்கிறது. மாத்திரையின் பலன் முடியில் தெரிய ஆறு மாதமாவது ஆகும். அவற்றில் ஸ்பைரோனோலாக்டோன் போன்றதைச் சாப்பிடும் காலத்தில் கர்ப்பம் தரிக்கக் கூடாது. டாக்டர் கண்காணிப்பில் மட்டுமே எடுக்க வேண்டியது அது.

கழுத்தில் எனக்கு வந்த புது முடிக்கும் பெயர் இருக்கிறது. லேசர் பட்ட இடத்திலோ அதன் ஓரத்திலோ முடி குறைவதற்குப் பதில் கூடுவதை முரண் முடி வளர்ச்சி என்று சொல்லலாம். எல்லோருக்கும் வருவதில்லை. தெற்காசிய, மத்திய கிழக்கு, மத்தியதரைக்கடல் பெண்களிடம், அதிலும் முகத்திலும் கழுத்திலும், ஹார்மோன் கோளாறு உள்ளவர்களிடம் அதிகம் பார்த்திருக்கிறார்கள். முடியைக் கொல்லப் போதாத சூடு, தூங்கும் மயிர்க்காலைத் தட்டி எழுப்பிவிடுகிறது என்று கருதுகிறார்கள். கன்னத்துப் பூனைமுடிக்கு லேசர் வேண்டாம் என்று நல்ல டாக்டர்கள் தடுப்பது இதனால்தான். ஃபுல் ஃபேஸ் என்று பேக்கேஜில் சேர்த்து, தேவையே இல்லாத கன்னத்தையும் நெற்றியையும் சுடுவது எனக்குப் பெரிய குற்றமாகவே படுகிறது. அந்த ஆபத்தை எனக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கழுத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு திரிந்த அந்த ஒன்றரை வருடம் எனக்கு மிஞ்சியிருக்கும்.

மாத்திரை தொடங்கி ஆறு மாதம் கழித்து, அந்த டாக்டரே 1064 நானோமீட்டர் லேசரில் மறுபடி ஆரம்பித்தார். சிட்டிங் எப்படி இருக்கும் என்று பலரும் கேட்பதால் சொல்கிறேன். கண்ணுக்கு உலோகக் கவசம். தாடையில் சில்லென்ற ஜெல். கருவியின் முனையும் ஐஸ் போல இருக்கும். அந்தக் குளிர்ச்சிதான் மேல்தோலைக் காப்பாற்றுகிறது. டிக் என்று ஒரு சத்தம், கூடவே ரப்பர் பேண்டை இழுத்து விட்டது போல ஒரு சுள்ளெரிச்சல், மூக்கில் முடி பொசுங்கும் நாற்றம். மேலுதட்டில் சுடும்போது கண்ணில் தானாகத் தண்ணீர் வரும். ஒவ்வொரு முறையும் டாக்டர் குனிந்து, சுட்ட இடத்தைக் கூர்ந்து பார்ப்பார். மயிர்க்காலைச் சுற்றி மயிர்க்கூச்செறிந்தது போலச் சின்னச் சின்னப் புடைப்பு, லேசான சிவப்பு, அதுதான் சரியான அளவுக்கு அடையாளம். அளவை அட்டையில் எழுதி எனக்கும் ஒரு பிரதி தருவார். இரண்டு வாரத்தில் மிளகுத்தூள் தூவியது போல முடி மேலே வந்து உதிரும். அதைப் பார்த்து முடி வளர்ந்துவிட்டது என்று முதல் தடவை பயந்தேன். செத்த முடி வெளியேறுவதுதான் அது. இப்போது ஐந்தில் நாலு பங்கு முடி இல்லை. வருடத்துக்கு இரண்டு தடவை போகிறேன்.

பணத்துக்கு வருவோம். எங்கள் தெருப் பார்லரில் மேலுதடு, தாடை இரண்டுக்கும் த்ரெடிங் 100 ரூபாய். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்றால் வருடம் 2,600. லேசர் ஒரு சிட்டிங் 2,000 என்று சொன்னார்கள். எட்டுக்கு 16,000, பிறகு வருடம் இரண்டு பராமரிப்புக்கு 4,000. வெறும் ரூபாய்க் கணக்கில் முகத்து லேசர் த்ரெடிங்கைவிட ஒருபோதும் மிச்சமாகாது, பராமரிப்பே அதைவிட அதிகம். அக்குள் கதை வேறு. வேக்ஸிங் மாதம் 200, வருடம் 2,400. லேசர் 1,500 வீதம் ஆறு சிட்டிங் 9,000. அக்குள் முடி தடித்தது, கறுத்தது, வெயில் படாத இடம். லேசருக்கு மிகவும் இணங்கும். பராமரிப்பு அதிகம் கேட்காது. நாலு வருடத்துக்குள் செலவு சமமாகிவிடும். முழுக் காலுக்கு வேக்ஸிங் மாதம் 700 என்றால் வருடம் 8,400; லேசர் 6,000 வீதம் ஆறுக்கு 36,000. அதுவும் நாலைந்து வருடக் கணக்குதான். இவை நான் விசாரித்த விலைகள். இந்திராநகரில் ஒன்று, ராமமூர்த்தி நகரில் ஒன்றாக இருக்கும். வீட்டில் ரேஸரால் மழித்துக்கொள்கிறவர்களுக்கு எந்த லேசரும் லாபமில்லை. அவர்களுக்கு ரேஸரே போதும் என்றால் அதில் ஒரு குறையும் இல்லை.

அப்படியானால் முகத்துக்கு ஏன் செய்கிறோம்? 2005-இல் பிரிட்டனில், பி.சி.ஓ.எஸ். காரணமாக முகத்தில் முடி உள்ள பெண்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஆறு மாதத்தில் ஐந்து முழு அளவு லேசர். முடி நீக்குவதற்கு அவர்கள் செலவிட்ட நேரம் வாரத்துக்கு 112 நிமிடத்திலிருந்து 21 நிமிடமாகக் குறைந்தது. மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன. வாரத்துக்கு 112 நிமிடம்! குளியலறைக் கதவைத் தாழிட்டு, ட்வீஸரும் கையுமாகக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்ற காலையெல்லாம் அந்த எண்ணில் எனக்குத் தெரிந்தது. அந்த நேரமும் நிம்மதியும் ஒருவருக்கு 16,000 ரூபாய் பெறுமா என்பதை அவரவர்தான் சொல்ல முடியும். எனக்குப் பெற்றது. சரியான இடத்தில், சரியான காரணம் தெரிந்து செய்த பிறகு.

தடித்த முடி தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து கட்டி கட்டியாக வருகிறவர்களுக்கு இது அழகு சார்ந்த செலவே இல்லை, சிகிச்சை. தாடி மழிக்கும் இடத்தில் அப்படி அவதிப்படும் ஆண்களுக்கும், வால் எலும்புப் பக்கம் முடி உள்ளே புகுந்து சீழ் கட்டும் பைலோனிடல் சைனஸ் திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கும் டாக்டர்களே லேசரை எழுதித் தருகிறார்கள். முதுகு, மார்பு முடிக்குப் போகும் ஆண்கள் கூடுதல் சிட்டிங்குக்குத் தயாராக இருக்க வேண்டும்.

தவணை பற்றிச் சித்தி மகளிடம் கண்டிப்பாகச் சொன்னேன். இ.எம்.ஐ. என்று அவள் கையெழுத்துப் போடுவது கடன் நிறுவனத்தோடு. பாதியில் கிளினிக் மூடினாலும், முகத்தில் புண் வந்து நிறுத்தினாலும், கடன் மாதாமாதம் கழிந்துகொண்டே இருக்கும். ஆன்லைன் கடனாக இருந்தால், எடுத்த பிறகு ஒப்பந்தத்தில் குறித்த குறுகிய காலத்துக்குள் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டி அபராதமின்றி வெளியேற ரிசர்வ் வங்கியின் விதிகள் இடம் தருகின்றன. அந்தக் கடைசி நாள் எது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மருத்துவக் காப்பீடு அழகு சிகிச்சைக்குப் பணம் தராது. ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இதையெல்லாம்விட நல்லது, ஒவ்வொரு சிட்டிங்குக்கும் அன்றன்றைக்குக் கட்டுவது. தள்ளுபடி போகும், பிடிக்காவிட்டால் எழுந்து வரும் உரிமை கையில் இருக்கும்.

எழுந்து வர வேண்டிய இடம் எது என்று தெரிவதற்குச் சில விஷயங்களைப் பார்த்தாலே போதும். கர்நாடகத்தில் தனியார் மருத்துவ நிலையங்கள் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி கே.பி.எம்.இ. பதிவு பெற்றிருக்க வேண்டும், சான்றைப் பார்வைக்கு வைத்திருக்க வேண்டும். டாக்டரின் பெயருக்குப் பின்னால் தோல் மருத்துவப் பட்டம் இருக்கிறதா, சிட்டிங் நடக்கும்போது அவர் அந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறாரா? முதலில் ஒரு சின்ன இடத்தில் சோதித்துப் பார்ப்பார்களா? முகப்பரு மாத்திரை ஐசோட்ரெட்டினாயின், உதட்டோரத்தில் அடிக்கடி வரும் அக்கிக் கொப்புளம், கர்ப்பம், பச்சை குத்திய இடம் பற்றியெல்லாம் கேட்கிறார்களா? புருவத்துக்கு நடுவே கண்குழியை ஒட்டி லேசர் வைக்கிறேன் என்றால் சம்மதிக்கவே கூடாது, கண்ணுக்கு ஆபத்து. மரத்துப்போகும் கிரீமை இரண்டு காலிலும் அப்பி பிளாஸ்டிக் சுற்றி உட்கார வைத்தாலும் எழுந்துவிட வேண்டும். அப்படிப் பூசி, மருந்து ரத்தத்தில் ஏறி அமெரிக்காவில் இரண்டு இளம்பெண்கள் இறந்த பிறகு 2007-இல் எஃப்.டி.ஏ. பொது எச்சரிக்கையே விட்டது.

இந்தத் துறையில் பழைய பாடம் ஒன்று உண்டு. 1920-களில் அமெரிக்காவில் ட்ரைக்கோ என்ற எக்ஸ்ரே கருவியை அழகு நிலையங்களில் வைத்து முகத்து முடியை நீக்கினார்கள். வலியே இல்லை, முடியும் கொட்டியது. வருடங்கள் கழித்து அந்தப் பெண்களில் பலருக்குத் தோல் வெந்து, புற்றுநோயும் வந்தது. லேசர் அப்படிப்பட்டதில்லை. அதன் ஒளி எக்ஸ்ரே வகையைச் சேர்ந்ததல்ல. சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் இறங்காது. கருப்பையைப் பாதிக்குமா, குழந்தை பிறக்காதா என்று அம்மாக்கள் கேட்கும் பயத்துக்கு ஆதாரம் இல்லை. கர்ப்ப காலத்தில் மட்டும், போதிய ஆய்வு இல்லாததால் தள்ளிப்போடச் சொல்வார்கள்.

நரைமுடிக்கும், லேசர் முடித்தபின் நாலைந்து மிஞ்சும் முடிக்கும் எலெக்ட்ராலிசிஸ் இருக்கிறது. மெல்லிய ஊசியை ஒவ்வொரு மயிர்க்காலிலும் நுழைத்து மின்சாரம் பாய்ச்சுவது. கண்ணில் குத்தும் இமைமுடிக்காகச் சார்லஸ் மிஷெல் என்ற கண் மருத்துவர் 1875-இல் எழுதிவைத்த முறை அது. நிரந்தர நீக்கம் என்ற சொல்லுக்கு உண்மையில் தகுதியானது. ஒவ்வொரு முடியாகப் போக வேண்டும் என்பதால் பொறுமை நிறைய வேண்டும். வீட்டில் வைத்துக்கொள்ளும் ஐ.பி.எல். கருவிகளின் பெட்டியிலேயே தோல் நிற அட்டவணை ஒட்டியிருக்கும். வாங்குவதற்கு முன் அதன் பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள். கடைசிக் கறுப்புக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு அது ஆகாது.

சித்தி மகள் அன்று ராத்திரி அட்வான்ஸ் கட்டவில்லை. மறுவாரம் அரை நாள் லீவு போட்டு டாக்டரிடம் போனாள்; மாதவிலக்கு இவளுக்கும் நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு முறைதான் வருகிறதாம், அதை யாரிடமும் சொன்னதில்லை. ரத்தம் கொடுத்திருக்கிறாள். தாடைக்கு லேசர், ரிப்போர்ட் வந்த பிறகு. அக்குளுக்கு மட்டும் இந்த வெள்ளிக்கிழமை டாக்டர் சோதனை செய்து பார்த்திருக்கிறார். ஒரு ரூபாய் நாணயம் அளவு இடம், மூன்றே மூன்று ஷாட். சனிக்கிழமை காலையில் போட்டோ அனுப்பினாள். புடைப்பு அடங்கி, தோல் பழைய நிறத்தில் இருந்தது.